வாடகை வீட்டில் சாவு விழுந்தால்: கோமதி அக்கா நினைவாக

கோமதி அக்கா இறந்துபோன செய்தி எங்கள் பகுதி வீட்டு உரிமையாளர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. தரகர் பரமசிவம் அனுப்பியிருந்தார். மேலே ஒரு குத்துவிளக்குப் படம். "கோமதி அம்மாள் அவர்கள் இன்று அதிகாலை இயற்கை எய்தினார்கள்" என்று ஒரு வரி. அடுத்த வரி: "உடல் வீட்டுக்கு வராது. ஆஸ்பத்திரியில் இருந்து நேராகத் தகன மேடை." அதற்கும் கீழே: "மேற்படி வீடு மொத்தமாக லீசுக்குப் பேசி முடிந்தது. இதுபோல் சீசனுக்கு விட விருப்பம் உள்ளவர்கள் உடனே தொடர்பு கொள்ளவும்."

தோசைக்கல் அடுப்பில் இருந்தது. அணைத்துவிட்டு மறுபடி வாசித்தேன். அதற்குள் பதில்கள் வரத் தொடங்கிவிட்டன. ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல் என்று ஒருவர் எழுதியதையே அடுத்தவர் நகலெடுத்துப் போட்டார். ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இன்னொருவர், "லீஸ் எவ்வளவுக்கு முடிந்தது?" என்று கேட்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

பிறகு நடந்த இரங்கல் கூட்டத்தில் அக்காவை "அன்பே உருவானவர்" என்றார்கள். அன்பே உருவானவர் இல்லை அவர். சிடுசிடுப்பானவர். வாடகை பிந்தினால் வாசலில் வந்து நிற்பவர். அவரைத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் பேசியவர்கள் யாரும் அவரை அவராக நினைவில் வைத்துக்கொள்ளப் போவதில்லை.

தென்காசியில் இருந்து குற்றாலம் போகிற சாலையில், மேலகரம் தாண்டி, வயல்களைப் பிளாட் போட்டு விற்ற காலத்தில் நானும் அக்காவும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் மனை வாங்கினோம். நான் தபால் துறையில் வேலை பார்த்தேன். அக்கா அரசு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். கணவரை இளம் வயதிலேயே இழந்தவர். பிள்ளை இல்லை. தம்பி மகன் ஒருவன், பெங்களூரில். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவர் கட்டிய வீட்டில் கீழே பின்பகுதியில் அவர் இருந்தார். கீழே முன்பகுதியும் மாடியும் வாடகைக்கு. நானும் கீழே இருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விட்டிருந்தேன். வயதில் எனக்கு மூத்தவர் என்றாலும், வீடு வாடகைக்கு விடுகிற விஷயத்தில் இருவரும் ஒரே சமயத்தில் ஒரே மாதிரி அடிபட்டுத் தேறியவர்கள்.

அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். மனிதர்களின் அழுக்கை அவர்கள் குடியிருக்கும்போது பார்க்க முடியாது. காலி செய்த பிறகுதான் தெரியும். அலமாரிக்குப் பின்னால் தெரியும், குழாய்க்குள் தெரியும், கழிவுத் தொட்டியைத் திறந்தால் தெரியும். அக்கா புதிதாக வருகிறவர்களிடம் வாடகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே இதைத்தான் பேசுவார்.

"எங்க வீட்டுக் கக்கூஸுல மூணு விஷயந்தான் போகணும். மலம், மூத்திரம், தண்ணி. நாலாவதா துணி, பஞ்சுன்னு எதையாவது போட்டியன்னா, கைய விட்டு நீங்கதான் எடுக்கணும். சம்மதம்னா உள்ள வாங்க."

பாதிப் பேர் அங்கேயே முகம் சுளித்துத் திரும்பிவிடுவார்கள். "போகட்டும்ட்டி வசந்தா" என்பார் என்னிடம். "காதால கேக்கவே மூக்கப் பொத்துதவன், போட்டு அடைச்சிட்டுப் போறதுக்கு யோசிக்கவே மாட்டான்."

அக்காவுக்கு அருவருப்பே கிடையாது என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அவருடைய அருவருப்பு வேறு இடத்தில் இருந்தது.

ஒரு வருடம் சீசன் தொடங்குகிற நேரத்தில் அக்காவின் முன்வீடு காலியாக இருந்தது. பரமசிவம் வந்து நின்றார்.

"அக்கா, மாச வாடகைக்கு விட்டு என்ன கண்டிய? அருவியில தண்ணி விழுத வரைக்கும் நாள் வாடகைக்கு விடுங்க. ஆளு நான் கொண்டாரேன். நீங்க சாவிய மட்டும் குடுங்க."

அக்கா யோசித்துவிட்டுச் சரி என்றார். குற்றாலத்தைச் சுற்றி அப்போது எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். மாட்டுத்தொழுவத்தைக் கூடச் சுண்ணாம்பு அடித்துக் கட்டில் போட்டு விட்டவர்கள் உண்டு. முதலில் குடும்பங்கள் வந்தன. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவதற்கு முன்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் போன பிறகு சுவர் முழுவதும் முதுகு முதுகாகக் கறை. அக்கா சோப்புத் தண்ணீரும் தேங்காய் நாருமாகத் தேய்த்தார். எண்ணெய் போனது, வாடை போகவில்லை.

அதற்கடுத்து ஆண்கள் மட்டுமாக ஒரு கூட்டம் வந்தது. இரண்டாம் நாள் காலை அக்கா எனக்குப் போன் செய்தார். "இங்கன வா. குழாத் தண்ணி நாறுது."

நான் போனபோது சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மொட்டை மாடி ஏணியில் நின்றார். தண்ணீர்த் தொட்டியின் மூடி திறந்து கிடந்தது. உள்ளே சாராயப் பாட்டில்கள் கிடந்தன. குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று போட்டிருக்கிறார்கள். பாட்டில்களோடு ஒரு பனியனும், பாதி தின்ற கோழிக்காலும் மிதந்தன. ஒருவன் போதையில் அங்கேயே வாந்தியும் எடுத்திருந்தான். அந்தத் தண்ணீரில்தான் அக்கா அன்று காலை காப்பி போட்டிருந்தார்.

இறங்கிவந்து அவர்கள் கதவைத் தட்டினார். திறந்தவனுக்கு முப்பது வயது இருக்கும். அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"காசு குடுத்துத்தானம்மா தங்கியிருக்கோம்? சும்மாவா இருக்கோம்?"

"காசு படுக்குத எடத்துக்குத்தான் குடுத்திய. அடுத்தவன் குடிக்க தண்ணியில வாந்தி எடுக்கதுக்கு இல்ல. எந்திரிங்க எல்லாரும்."

அவன் ஏதோ சொல்ல வாய் திறந்தான். அக்கா அவனைத் தாண்டி உள்ளே போய்க் கையில் கிடைத்த பைகளை எடுத்து வாசலில் வைத்தார். மழை பெய்துகொண்டிருந்தது. ஒருவன் ஆத்திரத்தில் சுவரில் காறித் துப்பினான். அக்கா அதையும் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர்கள் போன பிறகு இருவரும் தொட்டியைக் கழுவினோம். அப்போது அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

"வேலையில இருந்த காலமெல்லாம் சளியையும் மலத்தையும் கண்ணாடில வச்சுப் பாத்திருக்கேன் வசந்தா. ஒருநாளும் சோறு எறங்காமப் போனதில்ல. நோவு வந்த உடம்பு, அது என்ன செய்யும் பாவம். ஆனா நல்லாருக்க மனுஷன் தெரிஞ்சே பண்ணுத அசிங்கம் இருக்குல்லா, அதப் பாத்தா எனக்குச் சோறு எறங்காது."

அன்றோடு சீசன் ஆட்களை விட்டுவிட்டார். கமிஷன் போன கோபத்தில் பரமசிவம் கொஞ்ச நாள் அந்தப் பக்கமே வரவில்லை. முன்வீட்டுக்கு ஒரு கல்லூரிப் பேராசிரியர் குடும்பத்தோடு வந்தார். வாசலில் கோலம், வெள்ளிக்கிழமை சாம்பிராணி, மகன் பள்ளி இறுதி வகுப்பு. எல்லோரும் அக்காவுக்கு நல்ல குடி அமைந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

மாடி காலியானபோது பரமசிவம் ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்ல வந்தார். ராயகிரிப் பக்கத்தில் இருந்து வந்தவர்கள். கணவர் சுடலைமுத்து ஐந்தருவியில் பழக்கடை போட்டிருந்தார். மனைவி பாக்கியம் வீட்டிலிருந்தே துணி தைப்பவள். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"ஆளு நல்ல ஆளுதான் அக்கா" என்று பரமசிவம் இழுத்தார். "ஆனா அவிய..."

"அவிய?"

"நம்ம ஆளுக இல்ல."

"வாடகை குடுக்க மாட்டாவளா?"

"அதெல்லாம் குடுப்பாவ."

"குடிச்சிட்டுச் சண்ட போடுவாவளா?"

"சேச்சே, அப்படி ஆளு இல்ல."

"பொறவு என்ன வேய் நம்ம ஆளு? போன தடவ நீரு கொண்டாந்த நம்ம ஆளுதான் ஃபேனக் கழத்திட்டுப் போனான்."

பரமசிவம் குரலைத் தாழ்த்தினார். "ஏழெட்டு வீட்டுல கேட்டாச்சு அக்கா. யாரும் குடுக்கல. நீங்களும் இல்லன்னு சொல்லிட்டா நான் அவியட்ட சொல்லிருவேன். உங்களுக்கு எதுக்குப் பொல்லாப்பு?"

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். தொட்டியில் மிதந்ததைப் பார்த்த அதே பார்வை. "நாளைக்கு வரச் சொல்லும்" என்றார். மறுநாள் வந்தவர்களிடமும் கக்கூஸைப் பற்றித்தான் முதலில் பேசினார். சுடலைமுத்து சிரித்துவிட்டார். சாதியைக் கேட்காமல் அதைக் கேட்ட முதல் வீடு இதுதான் என்று பாக்கியம் பிறகு என்னிடம் சொன்னாள்.

அவர்கள் சில வருடம் நிம்மதியாக இருந்தார்கள். அக்கா அவர்களோடு குலாவவும் இல்லை, குறை வைக்கவும் இல்லை. மோட்டாரை அணைக்க மறந்தால் பாக்கியத்தைத் திட்டுவார். அழுகின மங்குஸ்தானை வாசல் ஓரத்தில் கொட்டியதற்காகச் சுடலைமுத்துவை ஒருநாள் முழுக்கத் திட்டினார். அவரும் "சரிக்கா, சரிக்கா" என்று அள்ளிக்கொண்டு போனார்.

ஒரு சீசனில், கடையில் கூட்டம் நின்றுகொண்டிருந்த நேரத்தில், சுடலைமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் மத்தியானம் தெருமுனைக்கு வந்தது. அதற்கு முன்பே செய்தி வந்துவிட்டதால் அக்கா வீட்டு வாசலில் ஆள் சேர்ந்திருந்தது. துக்கத்துக்குச் சேர்ந்த கூட்டம் என்று நினைத்துத்தான் நான் போனேன். பேராசிரியர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேடம், தயவுசெஞ்சு உள்ள விடாதீங்க. பையனுக்குப் பரீட்சை நேரம். எங்க வீட்ல பூஜை அறை வேற இருக்கு. இந்தத் தீட்டெல்லாம் எங்களுக்கு ஆகாது."

கடைசி வீட்டு அண்ணாச்சி அக்காவிடம் தனியாகப் பேசுவது போல எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். அவருக்குத் தென்காசியில் வரிசையாக வாடகை வீடுகள் உண்டு.

"யம்மா, ஒரு தடவ பொணம் வச்சாச்சுன்னா அந்த வீடு போவாது. நான் அனுபவத்துல சொல்லுதேன். எங்க வீட்டுல ஒரு கிழவி இழுத்துக்கிட்டுக் கெடந்தா. உயிர் இருக்கும்போதே ஆட்டோல ஏத்தி அவ ஊருக்கு அனுப்பிட்டேன். வழியிலதான் போச்சு. நமக்குப் பிரச்சன இல்ல."

இதைப் பெருமையாகச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நான் அந்தத் தலைகளைப் பார்த்தேன். எல்லாம் தெரிந்த முகங்கள். கோயிலில் பார்ப்பவை, கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் இருப்பவை.

"அவன் ராயகிரிதான? அங்கன கொண்டுபோகச் சொல்லு" என்றார் இன்னொருவர்.

பாக்கியம் ஆம்புலன்ஸில் இருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். அது அவள் காதில் விழுந்தது. "அங்கன எங்களுக்கு வீடு இல்ல" என்றாள். அழவில்லை. வெயிலில் நின்றாள்.

அக்கா கேட்டில் இருந்து பேராசிரியரின் கையை எடுத்துவிட்டார். இரண்டு கதவையும் தள்ளித் திறந்தார். "ஏ தம்பி டிரைவரு, வண்டிய உள்ள எடு."

மாடிப்படி குறுகலானது. ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டு டிரைவர் கையைப் பிசைந்தார். பேராசிரியர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அக்கா, "எங்க வீட்டு ஹாலுல வைங்க" என்றார். நானும் அவருமாகச் சோபாவை நகர்த்தினோம். தன்னுடைய பாயை எடுத்து விரித்தார். சுடலைமுத்து அங்கே கிடத்தப்பட்டார்.

பேராசிரியர் ஜன்னலுக்கு வெளியே நின்று, "இது சரியில்ல மேடம். நாங்க வாடகை குடுக்கிறோம். எங்களுக்கும் உரிமை இருக்கு" என்றார்.

"சார், அவரும் வாடகை குடுத்தவர்தான். நாளைக்கு நீங்க செத்தாலும் இங்கனதான் வைப்பேன். பயப்படாதிய."

அன்று சாயங்காலம் தூக்கிக்கொண்டு போனார்கள். அக்கா வீட்டை இரண்டு தடவை பினாயில் ஊற்றிக் கழுவினார். பாக்கியத்துக்கு மூன்று வேளையும் சோறு கொடுத்தார். அடுத்த மாதம் முதல் வாரத்தில் வழக்கம்போல வாடகையும் கேட்டார். "இங்கன இருக்கியா, எங்கயாவது போறியா?" என்றும் கேட்டார். இருக்கிறேன் என்றாள் பாக்கியம். "அப்பம் மோட்டார ஒழுங்கா அணை" என்றார்.

பேராசிரியர் அந்த மாதமே காலி செய்தார். அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன மறுநாள் நானும் அக்காவும் முன்வீட்டைத் திறந்தோம். எழுதக் கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். கழிப்பறையை வேண்டுமென்றே நாள் கணக்காகத் தண்ணீர் ஊற்றாமல் பயன்படுத்திவிட்டு, உள்ளே பழந்துணியைத் திணித்து அடைத்து, குழாயைத் திறந்துவிட்டுப் போயிருந்தார்கள். வழிந்து நடைவரைக்கும் வந்திருந்தது. பூஜை அறையில் மட்டும் ஒரு துளி அழுக்கு இல்லை. சாமி படங்கள் இருந்த இடத்தில் சந்தனப் பொட்டுகள் வரிசையாக இருந்தன.

நான் வாசலுக்கு ஓடிவந்து ஓங்கரித்தேன். அக்கா மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். கையை விட்டு எடுத்தவர் அவர்தான். எல்லாம் முடித்துக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து, "தீட்டாம்" என்றார். ஒரே ஒரு சொல். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு முன்வீட்டுக்கு யாரும் வரவில்லை. பரமசிவம் வருகிற ஆட்களிடம் எல்லாம், "அது சாவு விழுந்த வீடு, வேற பாப்போம்" என்று சொல்லித் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார். சாவு விழாத வீடு எது என்று கேட்பதற்கு எந்தக் குடித்தனக்காரருக்கும் தோன்றவில்லை. பூட்டிக் கிடந்த வீட்டுக்கும் மின் கட்டணத்தையும் வீட்டு வரியையும் அக்கா தன் பென்ஷனில் இருந்து கட்டினார்.

இதற்கிடையில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். வாடகை ஒப்பந்தத்தில், குடியிருப்போர் வீட்டில் மரணம் நேர்ந்தால் உடலை வளாகத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று ஒரு ஷரத்து சேர்க்கலாமே என்றார். நல்ல யோசனை என்று பலரும் பாராட்டினார்கள். ஒருவர் அதைச் சட்டத் தமிழில் திருத்தி எழுதிக்கூடப் போட்டார். அவர் தினமும் காலையில் பக்திப் பாடல் அனுப்புகிறவர். குடிவைப்பதற்கு முன்பே, கடுமையான நோய் எதுவும் இல்லை என்று மருத்துவச் சான்று கேட்கலாமா என்று அடுத்தவர் கேட்டார்.

அக்கா எழுதவில்லை. குரல் செய்தி அனுப்பினார். "அந்த ஷரத்த உங்களுக்கும் சேத்தே எழுதிக்கிடுங்க. உங்க பிள்ளைகளும் ஒருநாளு வீட்ட வாடகைக்கு விடத்தான் போறாவ."

அவ்வளவுதான் சொன்னார். அன்றே அவரைக் குழுவில் இருந்து நீக்கிவிட்டார்கள். நான் அதில் நீடித்தேன். யார் என்ன பேசுகிறார்கள் என்று அக்காவுக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் அல்லவா. நான் படித்துக் காட்டுவேன். அவர் "த்தூ" என்பார். இருவருக்கும் அது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது.

சென்ற ஆண்டு இறுதியில் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. பரிசோதனை முடிவைத் தானே வாசித்துவிட்டு, டாக்டர் சொல்வதற்கு முன்பே எழுந்து வந்தவர் அவர். திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். நானும் பாக்கியமும் மாற்றி மாற்றி இருந்தோம். தம்பி மகன் ரமேஷ் பெங்களூரில் இருந்து வந்தான். இரண்டு நாள் இருந்தான். இரண்டு நாளும் போனும் கையுமாக வராந்தாவில் நடந்தான். பரமசிவத்தோடு பேசிக்கொண்டிருந்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அக்காவுக்குப் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் என் கையைப் பிடித்து, "வீட்டுக்குப் போயிருவோம்ட்டி. எங்க வீட்டுல படுத்தாப் போதும்" என்றார். டாக்டர் விடவில்லை. அடுத்த தடவை நான் போனபோது அவர் பேசும் நிலையில் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் யாரும் கூட இருக்கக் கூடாது என்று என்னையும் பாக்கியத்தையும் அனுப்பிவிட்டு, ரமேஷின் நம்பரை மட்டும் எழுதிக்கொண்டார்கள்.

அந்தச் செய்தியைப் பார்த்த காலையில் நான் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். முந்தின நாளே வந்துவிட்ட ரமேஷ் முற்றத்தில் நின்றான். பரமசிவம் கூட இருந்தார். மாடிப்படியில் பாக்கியம் உட்கார்ந்திருந்தாள். அவளை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது.

"ஏன்ப்பா, வீட்டுக்குக் கொண்டு வரலையா?" என்றேன்.

"ஆன்ட்டி, கொஞ்சம் ப்ராக்டிகலா யோசிங்க. இந்த வீட்ட ஹோம்ஸ்டேக்கு லீசுக்குக் கேட்டிருக்காங்க. அடுத்த வாரம் அக்ரிமென்ட். ஏற்கெனவே இந்த வீட்டுக்கு ஒரு கெட்ட பேர் இருக்கு. மறுபடியும் பாடி வச்சாங்கன்னு தெரிஞ்சா அவங்க பின்வாங்கிருவாங்க."

"பாடியா? ஒங்க அத்தடா அது. இது அவ கட்டுன வீடு."

"எனக்குத் தெரியாதா ஆன்ட்டி? எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

பரமசிவம் இடையில் புகுந்தார். "மைனி, உயிர் போன பொறவு எங்கன வச்சா என்ன? அவியளுக்கா தெரியப் போவுது?"

அவர் உயிரோடு இருந்தபோதே லீசுக்குப் பேசி முடித்தவர்கள் இவர்கள். நான் பரமசிவத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகுதான் கேள்விப்பட்டேன். லீசுக்கு எடுத்தவர்கள் சாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். கார் நிறுத்த எவ்வளவு இடம் இருக்கிறது என்றுதான் கேட்டார்களாம்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன், "அக்காவ இங்கன கொண்டு வரப் போறேன்."

அவர் செய்தித்தாளை மடித்தார். "மாடில இருக்கவங்க போயிருவாங்க. தெரியும்லா?"

"தெரியும்."

"பரமசிவம் இனி ஆள் கொண்டாரமாட்டான்."

"கொண்டார வேண்டாம்."

"அப்பம் நான் நாற்காலிக்குச் சொல்லிருதேன்" என்று சட்டையை மாட்டினார்.

ரமேஷுக்குப் போன் செய்தேன். "உங்க வீடு ஆன்ட்டி, உங்க இஷ்டம்" என்றான். குரலில் ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

வண்டி வந்தபோது எங்கள் மாடியில் குடியிருந்தவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு காரில் ஏறினார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி, நேத்தே ஊருக்குப் போயிருப்போம்" என்றாள். அக்கா நேற்று சாகவில்லை அம்மா என்று சொன்னேன். அடுத்த மாதமே அவர்கள் போய்விட்டார்கள். இப்போது அந்த மாடியில் பாக்கியம் இருக்கிறாள். இரவும் பகலும் தையல் இயந்திரச் சத்தம் கேட்கிறது.

பாக்கியமும் நானும் அக்காவைக் குளிப்பாட்டினோம். மருத்துவமனைப் பிளாஸ்டர் ஒட்டியிருந்த இடங்களைத் துடைத்தோம். சுங்குடிச் சேலை கட்டினோம். எங்கள் ஹாலில் அவர் சாயங்காலம் வரை இருந்தார். கொஞ்சம் பேர் வந்தார்கள். கூட வேலை பார்த்த இரண்டு பெண்கள், ஐந்தருவிப் பழக்கடைக்காரர்கள், முன்பு குடியிருந்து நல்லபடியாகக் காலி செய்துபோன ஒரு குடும்பம். கடைசி வீட்டு அண்ணாச்சி தெருவில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். வாசற்படி ஏறவில்லை. குழுவில் இரங்கல் எழுதியவர்களில் வந்தவர்கள் அதிகம் இல்லை.

எடுக்கிற நேரத்தில் யாரோ, "பொம்பளையாளுக மயானத்துக்கு வேண்டாம்" என்றார். நானும் பாக்கியமும் ஆட்டோவில் ஏறினோம். மேற்கே மலையை மேகம் மூடியிருந்தது. சாரல் ஆட்டோவுக்குள் அடித்தது. பாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

தகன மேடை அலுவலகத்தில் ஒருவர் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பெயர் கேட்டார், வயது கேட்டார். ரமேஷ் சொன்னான். பிறகு அவர் நிமிராமலே கேட்டார்.

"எந்த வீட்டுல இருந்து எடுத்திய?"

ரமேஷ் என்னைப் பார்த்தான். பரமசிவம் கீழே பார்த்தார். அந்த மனிதர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"எங்க வீட்டுல இருந்து" என்று சொல்லி எங்கள் முகவரியைச் சொன்னேன்.

"நீங்க என்ன வேணும் அவியளுக்கு?"

"பக்கத்துத் தெரு" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். உள்ளே கூப்பிட்டார்கள். பாக்கியம் அக்காவின் கால்மாட்டில் நின்று கும்பிட்டாள். நான் அவர் நெற்றியைத் தொட்டேன். சாரலில் நனைந்து குளிர்ந்திருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டேன்.

போய்ட்டு வாங்க அக்கா. இனி உங்களை யாரும் காலி செய்யச் சொல்ல முடியாது.